இருபது தோட்டாவும் ஒரு உருண்டைப் புளியும்

செப்டம்பர் 21, ஞாயிறு

காலை முழுக்க அஷ்வினி ஹாலில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். புதிதாக வருகிறவர்கள் மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைப்பார்கள். பயிற்சிதான். காலித் துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் நீட்டி, மூச்சை அடக்கி, விசையை ஒரு முறை அழுத்த ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறாள். காபி டம்ளரோடு இரண்டு முறை அவள் காலைத் தாண்டிப் போனேன். மூன்றாவது முறை, "இன்னொரு வாட்டி தாண்டுனா காபி கிடையாது" என்றாள். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மிரட்டலைக் கேட்டதில்லை.

நவம்பர் 9-ல் துப்பாக்கி சுடுதலில் கர்நாடக மாநில அணித் தேர்வு. கல்லூரியில் கெமிஸ்ட்ரி பாடம் நடத்திக்கொண்டே, என்.சி.சி. நாளிலிருந்து இவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசை அது. மூன்று முறை போய் மூன்று முறையும் நூலிழையில் தவறியிருக்கிறாள். வயது நாற்பத்தொன்று. "இதுதாங்க கடைசி. இதுல வரலைன்னா விட்டுடுவேன்" என்று நேற்று சொன்னாள். சொன்னால் செய்வாள், அதுதான் பயம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மைசூர் தசராவுக்கு மாமா, அஷ்வினியின் அப்பா, வந்திருக்கிறார், காட்டோரத்து மார்டள்ளியிலிருந்து. வந்ததும் மகளின் தோட்டாவைப் பார்க்க ஆசைப்பட்டார். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர். பன்றி தெரியும், யானை தெரியும். அஷ்வினி லாக்கரைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். குறுக்களவு ஆறரை மில்லிமீட்டர் என்கிறார்கள். ஒல்லி, நீளம், கூர் மூக்கு. வேட்டைக்கோ சண்டைக்கோ செய்ததல்ல. தூரத்துப் பந்தயத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்ததாம்.

"ஏனுங் மாப்ள, இது எதைச் சுடுமுங்க?"

"காயிதத்தைங்க மாமா."

"காயிதமா! அது என்னங்க பண்ணுச்சு பாவம்?"

அஷ்வினி சிரிக்கவில்லை. இதை வாங்க அனுமதிக்கு மட்டும் ஒரு வருடம் அலைந்தவள். கையில் எண்பது இருக்கிறது. அறுபது போட்டிக்கு. முன்னால் குறி சரிபார்த்துக்கொள்ள இருபது. ஒன்றுகூட அதிகம் இல்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

பஸ் டிப்போ மேனேஜருக்குப் பூஜை காலை நான்கு மணிக்கே. நாற்பத்தாறு பஸ்ஸையும் நின்று கழுவ வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு எட்டு மணிக்கு வீடு வந்தேன். கழுவும் வேகம் கையை விட்டுப் போகவில்லை. குத்துவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். பூஜைப் பலகையில் துப்பாக்கியும் ஒரு பெட்டி தோட்டாவும் இருந்தன. வைத்துவிட்டு அஷ்வினி குளிக்கப் போயிருந்தாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பித்தளை. மங்கிக் கிடந்தது. பூஜை நாளில் மங்கின பித்தளையா?

மாமா இன்னொரு உருண்டைப் புளியை ஊறவைத்துக் கொடுத்தார். இருபதையும் தேய்த்து, குழாயில் அலசி, துணியில் துடைத்து, கொல்லை வெயிலில் பத்து நிமிடம் வைத்தோம். "இப்பத்தானுங்க தங்கமாட்டம் இருக்குது" என்றார். அப்படியே பெட்டியில் அடுக்கி, மூடி மேல் குங்குமம் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. போட்டியன்று திறக்கும்போது அசந்துபோகட்டும்!

அக்டோபர் 2

ஜம்பு சவாரி, தசரா யானை ஊர்வலக் கூட்டம். பாதிச் சாலை அடைப்பு, பஸ் எல்லாம் சுற்றி விட்டோம். இன்று என்னைத் திட்டாத பயணி மைசூரில் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மாமா ஊருக்குப் போய்விட்டார். சமயம் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

சாப்பிடும்போது ஈரக்கையோடு அவள் துப்பாக்கிப் பையை நகர்த்தினேன். "தண்ணி, தண்ணி!" என்று கத்தினாள். துப்பாக்கிக்கா என்று கேட்டேன். "துப்பாக்கியைத் துடைச்சுக்கலாங்க. தோட்டாவுல தண்ணி இறங்குனா முடிஞ்சுது. மருந்து பாதிதான் எரியும். குண்டு குழலுக்குள்ளயே நின்னுடும். தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வெடிச்சு முகத்துல அடிக்கும்."

இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன். நல்லா இருக்கா என்று கேட்டாள். ரொம்ப நல்லா இருக்கு என்றேன்.

அக்டோபர் 6

சொல்லவில்லை.

அக்டோபர் 8

சொல்லத்தான் போனேன். கல்லூரியில் அவளிடம் படிக்கும் பிள்ளைகள் வாழ்த்து அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை என்னிடம் காட்டிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்திலா சொல்வது? அடே, எந்த நேரத்தில்தான் சொல்லப்போகிறாய்? டிப்போவில் ஒரு டிரைவர் பிரேக் சரியில்லை என்பதை மறைத்தால் நான் சும்மா விடுவேனா?

அக்டோபர் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கத்தவில்லை. லாக்கரைத் திறந்து பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். இருபதும் அப்படியே மின்னின — சனியன்கள். ஒன்றை எடுத்து முனையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தனை நேரம் தண்ணியில இருந்துச்சு?"

"அலசினது மட்டுந்தான்... ஊறவைக்கல."

"புளி?"

"தேய்ச்சோம்."

"தேய்ச்சோமா? அப்பாவுமா?"

தலையாட்டினேன். பெட்டியை மூடி உள்ளே வைத்துப் பூட்டினாள்.

அக்டோபர் 14

கோபம் வந்தால் இவள் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். இரண்டு நாளாக "ஊட்டா ரெடி இதே", "கேட் ஹாக்கி", அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் கேட்டைச் சாத்தவும் மட்டும் நான் தேவைப்படுகிறேன். மரியாதையில் மட்டும் குறையில்லை, 'நீங்க'வுக்கு 'நீவு'தான். அதுதான் இன்னும் வலிக்கிறது.

வேறு யாரிடமாவது இருபது வாங்கலாமே என்று கேட்டேன். வேறு தயாரிப்பு வேறு இடத்தில் போய் அடிக்குமாம், அதை வைத்துக் குறி பார்த்துப் பிரயோஜனம் இல்லையாம். இதையும் கன்னடத்திலேயே சொன்னாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் தமிழ் திரும்பி வந்தது. "தேங்கா துருவிக் குடுங்க" என்றாள். மூன்று தேங்காய் துருவினேன். கேட்டது அரை மூடி.

முடிவு செய்துவிட்டாளாம். கழுவின இருபதையும் தொடமாட்டாள், டீலரிடம் ஒப்படைத்து அழிக்கச் சொல்வாள். மிச்ச அறுபதோடு போவாள். குறி சரிபார்க்காமல், முதல் குண்டிலிருந்தே எண்ணிக்கை. "ரிஸ்க்தான். பார்க்கலாம்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "சும்னே இருங்க, சட்னி தீயுது" என்றாள். 'சும்மா'வுக்கு மட்டும் இன்னும் கன்னடம். சட்னி எப்படித் தீயும்? கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வாடகைக் கார், மூன்று மணி நேரம். சுடும் மைதானத்தில், கயிற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் முதலில் பத்துப் பதினைந்து சுட்டுக் குறியைத் திருகித் திருகிச் சரிசெய்தார்கள். இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

பிறகு ஆரம்பித்தாள். முதல் குண்டு இடது பக்கம், பத்துக்கு எட்டு. இரண்டாவதும் எட்டு. மூன்றாவது ஒன்பது. அதற்கப்புறம் குறியைத் திருகிவிட்டு நிமிர்ந்தாள் பாருங்கள்! பத்து, பத்து, பத்து. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். என் மனைவி என்று அவரிடம் நானாகவே சொன்னேன்.

ஆறு பேரை எடுத்தார்கள். இவள் ஏழாவது. ஆறாவது ஆளைவிட மூன்று புள்ளி குறைவு. முதல் மூன்று குண்டில் போனது ஐந்து. அந்தக் கழித்தலைப் போடாமல் இருந்திருக்கலாம்.

காரில் ஏறியதும் "பசிக்குதுங்க" என்றாள். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்போது, "இனிமே போதும்னு தோணுது" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம்? அழுதேன்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் மாமா போன் செய்தார். அவள் தோசை வார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன் அம்மிணி, என்னாச்சு?"

"வரலப்பா."

பிறகு மெதுவாக, "அன்னிக்கு நானும் மாப்ளையும் கழுவுனமே சாமி... அதனால ஏதாச்சும்?" என்றார்.

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. காத்து ஏமாத்திப்போடுச்சு" என்றாள்.

"காத்துக்கு யாரு என்ன பண்றது" என்று பெருமூச்சு விட்டார் மாமா. குரலில் நிம்மதி தெரிந்தது. தோசையைத் திருப்பி என் தட்டில் போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

காற்றுப் பார்ப்பதற்கென்று அந்த மைதானம் முழுக்கச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். நேற்று அவள் முதல் மூன்று குண்டையும் சுடும்போது ஒரு கொடிகூட அசையவில்லை.