பங்களா வெந்நீரும் வெறுங்காலும்

மேல்கணக்கு லயம்,
அக்கரப்பத்தனை.
28.3.1958

அன்புள்ள லெட்சுமிக்கு,

நீயும் மகள் மீனம்மாவும் பச்சைப் பிள்ளையும் மாத்தளையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். நீ விட்டுப்போன பெட்டைக்கோழி என்னைவிடச் சுகம். பேத்திக்கு என் மூக்கு வந்திருப்பதாக மருமகன் எழுதியிருந்தார். வளர வளரச் சரியாகிவிடும் என்று அவருக்குத் தைரியம் சொல்.

இதை மகள்தான் வாசித்துக் காட்டுவாள். சம்பந்தியம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசிக்கச் சொல். உன் புருஷன் பேர் தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டில் இன்று மத்தியானம் வரை இருந்தது. அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு மீதியைக் கேள்.

நீ பிரசவம் பார்க்கப் போன மறுவாரமே பெரிய துரை பங்களாவுக்குக் கரண்டில் தண்ணீர் காய்ச்சும் சிலிண்டர் வந்தது. என் உயரம், என்னைவிட நல்ல வயிறு. அந்த வயிற்றுக்குள் ஒரு கம்பிச்சுருள். கரண்டு கொடுத்தால் அது காய்ந்து தண்ணீரைச் சூடாக்கும். கொழும்பிலிருந்து வந்த ஆள் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனான். பதினெட்டு வருஷமாகத் தேயிலை அரைக்கிற இஸ்டோரில் கரண்டு வேலை பார்க்கிற என்னை ஏணி பிடிக்கச் சொன்னான். நன்றாகத்தான் பிடித்தேன்.

மூன்றாம் நாள் வீரம்மா ஓடிவந்தாள். உனக்குப் பதிலாகப் பங்களாவில் ஆயா வேலைக்கு நிற்கிறாளே, அவள்தான். குளியலறைக் குழாயைத் தொட்டால் கட்டெறும்பு கடிக்கிறதாம், தோள்பட்டை வரை ஏறுகிறதாம். துரையிடம் சொன்னதற்கு அவரே குழாயைத் திருகிக் காட்டி, ஒன்றுமில்லை, உங்கள் ஆட்களுக்குக் கரண்டென்றாலே பயம் என்றாராம். துரையின் காலில் தடித்த ரப்பர் செருப்பு. வீரம்மா நின்றது ஈரச் சிமெந்தில், வெறுங்காலோடு.

நான் போய் மெயின் சுவிட்சை இறக்கி, பீங்கான் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அது நம் பையில் இருந்தால் நமக்குத் தெரியாமல் யாரும் கரண்டைப் போட முடியாது. சிலிண்டர் மூடியைத் திறந்தால், ஒயரில் ஒரு நூல் செம்பு வெளியே நீட்டி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டி, முனையை இறுக்கினேன். பிறகு ஒயர்களைக் கழற்றிவிட்டு, டார்ச் பற்றரியில் கட்டிய சின்ன பல்பை வைத்துப் பார்த்தேன். சுருளின் இரு முனைக்கும் நடுவே எரிந்தது. முனைக்கும் சிலிண்டர் இரும்புக்கும் நடுவே எரியவில்லை. சுருளில் பழுதில்லை.

வினையெல்லாம் எர்த்து ஒயரில். இரும்பில் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குள் இழுத்து, பியூஸை எரித்து, ஆளைக் காப்பாற்ற வேண்டியது அதுதான். கொழும்பு ஆள் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தான். அவன் ஊரில் குழாய் மண்ணுக்குள்ளே ஓடும். நம் பங்களாக் குழாய் மலையிலிருந்து மரக்கவைகளின் மேலே வந்து, இடையில் ரப்பர் ஹோஸில் நுழைந்து வீட்டுக்குள் போகிறது. மண் எப்படி இருக்கும் என்றே அந்தக் குழாய்க்குத் தெரியாது.

குளியலறைச் சுவரோரம் குழி வெட்டிச் செம்புத் தகடு புதைக்க வேண்டும், அரை நாள் வேலை என்று துரையிடம் சொன்னேன். அந்தச் சுவரோரம் துரைசானியின் ரோசாப் பாத்தி. ஏப்ரலில் நுவரெலியாப் பூக்காட்சிக்குப் போகவேண்டிய ரோசா. துரைசானி முடியாது என்றுவிட்டார். நூலைத்தான் வெட்டிவிட்டாயே, பியூஸைக் கொடு என்றார் துரை. இன்றைக்கு நூல், நாளைக்குச் சுருளே வெடிக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. அப்போது என் வாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “துரை செருப்பைக் கழட்டிட்டு, தினமும் ஈரத்துல நின்னு குழாயைத் திறக்கிறதா இருந்தா, இப்பவே மாட்டிடுறேன்.”

துரை கழற்றவில்லை. நாலு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார். அவர் போட்ட சத்தத்துக்கு லயத்து நாய்கள் பதில் சொல்லின. வேறு பியூஸ் மாட்ட ஆளில்லை. கிளாக்கர் இராமையா பல்பு மாற்றுவதற்கே என்னைத்தான் கூப்பிடுவார்.

அதே இராமையா செவ்வாய்க்கிழமை ஒரு காகிதத்தோடு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு, பியூஸை மாட்ட வேண்டும். வெள்ளி மத்தியானத்துக்குள் செய்யாவிட்டால் பேர் வெட்டு, நாம் குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போகும். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் வீணாக்க மனம் வரவில்லை.

இன்று காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த சனமெல்லாம் மேலே பார்த்துக்கொண்டு நிற்க, குழி தோண்ட அலவாங்கோடு பாத்தியில் இறங்கினேன். பயமில்லை என்று எழுத ஆசைதான். இடுப்புச் சாரம் இரண்டு தடவை நழுவியது. மூன்று ரோசாச் செடி போயிற்று. செம்புத் தகடு, அடுப்புக்கரி, மஃறூப் நாநா கடை உப்பு, எல்லாம் போட்டு மூடி, ஒயரை இழுத்துக் கட்டினேன். மெயின் கரண்டுக்கும் அந்த ஒயருக்கும் நடுவே பிடித்த பெரிய சோதனை பல்பு பளிச்சென்று எரிந்தது. சிலிண்டர் நிறையத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, பியூஸை மாட்டினேன். பிறகு நானே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறந்தேன். எறும்பு இல்லை.

மத்தியானம் துரை போய் அரை மணி நேரம், பாட்டோடு, வெந்நீரில் குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்துதான் என் பேரை வெட்டச் சொன்னார்.

சங்கத் தலைவர் வீரய்யா வழக்குக்கு எழுதிவிட்டார். தீருகிறவரை காம்பராவை விட்டு இறங்கமாட்டேன். எப்போது காலி என்று கேட்க வந்த கங்காணியிடம், கோழி அடைகாக்கிறது, இப்போது கிளப்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். துரைசானி எறியச் சொன்ன மூன்று செடியையும் நம் வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். திருட்டு என்று இன்னொரு குற்றம் சேர்ந்தாலும் சேரும்.

நீ பதறி ஓடிவராதே. பிள்ளைக்கு முப்பதாம் நாள் சடங்கு கழித்து வா. வெட்டியது என் பேரைத்தான், உன் பேரை அல்ல. பங்களா வேலையை விடாதே. எப்போதும் போல வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைத் திற. ஒன்று மட்டும் செய். ரோசாப் பாத்தியில் நான் மூடிய இடத்து மண் காயக்கூடாது, காய்ந்தால் கரண்டு அதற்குள் இறங்காது. தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்று. துரைசானி கேட்டால் செடிக்கு என்று சொல்.

முருகன் உன் கையையும் காலையும் காக்கட்டும். மிச்சத்தை நான் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் சோலைமலை