தலைகீழாக ஓட்டிய கார்

ஜூன் 19, 2024
கார் இன்சூரன்ஸ் புதுப்பித்தேன். இந்த வருஷமும் ஃபுல் இன்சூரன்ஸ்தான். இவருக்கு வயிற்றெரிச்சல். "எதுக்கு ஷஹனாஸ்? குவைத்ல பதினெட்டு வருஷம் டிரைவர் நான். ஒரு கீறல் உண்டா?"
உப்பிலியபுரம் பள்ளிக்குப் போய்வர என் சம்பளத்தில் வாங்கிய கார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாவி என் வீட்டுக்காரர் ஹாலித் துரையிடம்.

ஜூன் 23
துரை நண்பரைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனார். வெயிலுக்கு நிழல் பார்த்து நிறுத்தினாராம். எங்கே? தென்னை மரத்தடியில்! ஒரு குலை அப்படியே விழுந்து கூரை குழிந்து, முன்கண்ணாடி நொறுங்கி — யா அல்லாஹ்! நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.
நாளை முதல் பள்ளிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, துறையூர், உப்பிலியபுரம். மூன்று பஸ்.

ஜூன் 24
பஸ்ஸில் நின்றபடியே பாலிசியைப் படித்தேன். மோதினால் மட்டுமில்லை, தீ, வெள்ளம், திருட்டு, மேலிருந்து எது விழுந்தாலும் பணம் உண்டு. அப்பாடா! வீட்டுக்கு ஓடிவந்து சொன்னால், "கிளெய்ம் காலையிலயே போட்டாச்சு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் பேசத் தெரியாது" என்கிறார்.
என்ன சொல்லிப் போட்டீர்கள் என்றால் சிரிப்பு வேறு.

ஜூன் 27
லீவு போட்டு இவரோடு ஒர்க்‌ஷாப் போனேன். சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் மலர்க்கொடி — பொம்பளை! கிளெய்ம் காகிதத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.
"மரத்துல மோதிட்டேன்னு சொல்லியிருக்கீங்க. பம்பர்ல கீறல்கூட இல்ல. வண்டியத் தலைகீழா ஓட்டுனீங்களா சார்?"
வைப்பருக்கு அடியிலிருந்து ஒரு தென்னம் பன்னாடைத் துண்டை உருவி எடுத்தார். இவர் முகம் செத்துப்போச்சு.
"இடிச்சாத்தானே மேடம் பணம் தருவாங்க..."
"தேங்கா விழுந்துச்சுன்னு சொல்லியிருந்தாலே கிடைச்சிருக்குமே சார்!"
ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்ய? கீறல் படாத பதினெட்டு வருஷம்! இடிக்காத மரத்தை இடித்தேன் என்று சொல்ல வாய் வருது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையே!

ஜூலை 12
பொய்த் தகவல், கிளெய்ம் கிடையாது என்று கடிதம். தேங்காய்தான் என்று நான் எழுதிக் கொடுத்ததும் எடுபடவில்லை. இவர் பைக்கை விற்றுக் கண்ணாடி போட்டார். நானா விற்கச் சொன்னேன்? இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 15, 2025
மறுபடி புதுப்பிக்கும் நேரம். கிளெய்ம் எதுவும் கொடுக்கப்படாததால் தள்ளுபடி உண்டாம். இவருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா, நம்ம ரெக்கார்டு இன்னும் சுத்தம்!"
ஞாயிறும் இப்போது சாவி என்னிடம்; பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஸ்ரீரங்கத்தில் வெட்டவெளியில், நல்ல வெயிலில் நிறுத்தினேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.