மன்றாட்டில் என் பெயர்

ஜூன் 6, புதன்

மழை வருவதுபோல் இருட்டி ஏமாற்றிவிட்டது. புழுக்கம்.

காலையில் ஃபாதர் கூப்பிட்டனுப்பினார். வரும் ஞாயிறு மாணவர்களுக்கான நன்றிப் பூசையாம். பிளஸ் டூ பாஸானவர்களுக்கு மரியாதை. கீபோர்டு நான். பிசிக்ஸில் நான் ஃபெயில் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

“வேற யாராவது வாசிக்கட்டும் ஃபாதர்.”

“வேற யாரும்மா இருக்காங்க? நீ சாமிக்கு வாசிக்கிற. அவங்களுக்கா வாசிக்கிற?”

தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மா மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னேன்.

“போடி. போவாம வூட்ல கிடந்தாதான் ஊரு பேசும்.”

செய்ய வேண்டியது: வெள்ளைச் சுடிதார் இஸ்திரி. கீபோர்டு ஒயர் லூஸ், டேப் சுற்றணும். பிசிக்ஸ், மின்னியல் பாடம். (தொடவில்லை.)

ஜூன் 8, வெள்ளி

சாயங்காலம் ஒத்திகை. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்த ஸ்டெல்லா இன்று பெஞ்சின் அந்த ஓரத்தில். லாஸ்பேட்டையில் காலேஜ் கிடைத்துவிட்டது அவளுக்கு. புதுப் பை, பஸ் பாஸ், யார் எந்த குரூப் என்றே பேச்சு. நான் கிட்டே போனால் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

ஸ்டெல்லாவின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம்: “பாவம், இவளுக்குக் கை ஓடற அளவுக்குத் தல ஓடல.” மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. காலிக் கோயிலில் இருமினாலே எதிரொலிக்கும்.

காணிக்கைப் பாட்டில் ஸ்டெல்லாவுக்குச் சுருதி எட்டவில்லை. அவளுக்காக இறக்கி வாசித்தேன். யாரும் கவனிக்கவில்லை. அவளும்தான்.

ஜூன் 10, ஞாயிறு

கோயில் நிறைந்த கூட்டம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை.

பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். கையில் மெழுகுவர்த்தி, சால்வை, கைதட்டல். ஒவ்வொருவரும் பீடத்துக்கு ஏறி இறங்கும்வரை நான் மெல்லிசாக வாசிக்க வேண்டும். வாசித்தேன். சந்தோஷமான ராகமாகவே வாசித்தேன்.

அப்புறம் மன்றாட்டு. மழைக்காக, ஆசிரியர்களுக்காக, நோயாளிகளுக்காக. கடைசி மன்றாட்டு ஸ்டெல்லா. தாளைப் பிரித்து, தெளிவாக: “தேர்வில் தோல்வியடைந்து மனம் உடைந்திருக்கும் எங்கள் அன்புச் சகோதரி அமலாவுக்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

அமலா நான்தான். அத்தனை தலையும் கீபோர்டு பக்கம் திரும்பியது.

பதில் பாட்டுக்கு நான்தான் சுருதி கொடுக்க வேண்டும். கை போகவில்லை. ஃபாதர் என்னைப் பார்த்தார். காத்திருந்தார். எனக்காக வேண்ட நானே சுருதி எடுத்துக் கொடுக்கணும்! கடைசியில் யாரோ தொடங்க, ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள்.

காணிக்கை பவனியில் அப்பம், திராட்சை ரசம், பழத்தட்டு, பேனாக்கள், நோட்டுகள். அதற்கு மட்டும் முழுசாக வாசித்தேன். இன்று இறக்கவில்லை. ஸ்டெல்லாவின் குரல் மேலே போய்க் கிழிந்தது. அதில் சின்னதாக ஒரு சந்தோஷம். இப்போது அதுவும் கசக்கிறது.

பூசை முடிந்து, உடை மாற்றும் சாக்ரிஸ்தி அறை வாசலில் ஃபாதரைப் பிடித்தேன்.

“என் பேரை யார் எழுதிக் குடுத்தது ஃபாதர்? ஸ்டெல்லாவா?”

“அவ பாவம், குடுத்ததப் படிச்சா. உங்க அம்மாதாம்மா வந்து கேட்டாங்க. பேர் சொல்லியே வேண்டணும்னு.”

வெளியே அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். கதவைச் சாத்தியதும் கத்தினேன்.

“உனக்கு வேண்டணும்னா நீ தனியா வேண்டிக்க வேண்டியதுதானே? ஊரையே கூப்பிட்டு ஏன் என்னைக் காட்டின?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பரீட்சைக்கு முன்னாடி தெனமும் தனியாத்தாண்டி வேண்டுனேன். நான் ஒருத்தி கேட்டு இன்னா ஆச்சு?”

இருவரும் சாப்பிடவில்லை.

ஜூன் 11, திங்கள்

வெயில். தண்ணீர் சீக்கிரமே நின்றுவிட்டது.

ஃபாதர் ஆள் அனுப்பியிருந்தார், அடுத்த ஞாயிறும் வாசிக்க வர வேண்டுமாம். வர மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே சோற்று டப்பாவை மூடினாள். “கோவம் என்மேலதானே? அவர என்னாத்துக்கு வெறுக்கிற?” என்றாள்.

யாரை என்று கேட்கவில்லை. ஃபாதரையா, சாமியையா.

கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மேசைமேல் பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குள் ஒரு மாதா படம். படத்தை எடுத்து அம்மாவின் தலையணைக்கடியில் வைத்தேன். புத்தகத்தைத் திறந்தேன்.