அஞ்சலை கல்லில் யார் யார் பேரு

நவம்பர் 3, திங்கள்

காலையிலேருந்து தூறல். துணி காயல.

ரிங்லெட் ஏரியில முதமுதல்ல தண்ணி ஏறின வருஷம். மலாயாங்கற பேரு மலேசியான்னு ஆன வருஷம். எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டாவது தீபாவளி. அந்த வருஷந்தான் காதர் பொறந்தான். இதை முதல்ல சொல்லி வச்சுக்கறேன். இன்னிக்கு வீட்டுல நடந்த சண்டை அங்கேருந்து வந்ததுதான்.

எனக்கு எழுத்து தெரியாது. பேத்தி வாணி போன்ல ஒரு இடத்தை அழுத்தக் காட்டிக் கொடுத்திருக்கா. பேசினா எழுத்தா விழுதாம். விழுந்ததைப் படிக்கவும் எனக்குத் தெரியாது. நல்லதாப் போச்சு. பேசிட்டு மூடி வச்சிடலாம்.

என் வீட்டுக்காரி அஞ்சலை போனது புரட்டாசியில. கல்லு வைக்கணும். எஸ்டேட் இடுகாட்டுல, தேயிலை முடியற மேட்டுல படுத்திருக்கா. கல்லுல அவ பேரு, கீழ புருஷன், பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. எல்லாரும் செய்யறதுதான்.

பிள்ளைங்க வரிசையில காதர் பேரும் வரணும்னேன். அஞ்சலை தம்பி சின்னையா, தானா ராத்தாவிலேருந்து பஸ் ஏறி வந்தவன், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடறவன், தேத்தண்ணியை டக்குனு கீழ வச்சான்.

"மாமா, மூளை கலங்கிப்போச்சா? எங்கக்கா கல்லுல முஸ்லிம் பேரா?"

"அவ பிள்ளைடா."

"பால் குடுத்தா பிள்ளையா லா? நாளைக்கு எவனாவது கல்லைப் பாத்துட்டு, கிழவி மதம் மாறினவளான்னு கேட்டா? முஸ்லிம் இடுகாட்டுக்குக் கொண்டுபோகணும், தோண்டுன்னு வந்து நின்னா? கோர்ட்டு கேசுன்னு யாரு அலையறது, நீங்களா? பத்து தப்படி நடந்தா மூச்சு வாங்குது உங்களுக்கு."

அந்தப் பேரு ஏறினா கோடித்துணி கொண்டாரமாட்டானாம். கல்லு மேல பொறந்த வீட்டுக் கோடி சாத்தாம நடறது எங்க வழக்கத்துல இல்ல. அஞ்சலைக்குக் கோடி இல்லாத கல்லா? ரெண்டு பக்கமும் நெருக்கறான்.

சோறு இறங்கல. ரசம் மட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

பனி. எதிர் லைன் வீடுங்க தெரியல. முட்டிக்கு எண்ணெய் போட்டேன்.

சின்னையாவுக்கு அப்ப ஏழு எட்டு வயசு. அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ. எனக்கு எல்லாம் இருக்கு.

முதல் பிள்ளை மீனா. பொம்பளப் பிள்ளை. ஜன்னி வந்து ஒரே ராத்திரியில போயிட்டா. அஞ்சலைக்கு மார்ல பால் கட்டிக்கிச்சு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பா. அதே வாரம் ரிங்லெட்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்த ராவுத்தர் சம்சாரம் பிரசவத்துல போச்சு. பிள்ளைக்கு டின் பால் ஒத்துக்கல. குடிச்சது எல்லாம் வெளிய.

ராவுத்தர் எங்க வாசல்ல வந்து நின்னார். துண்டுல பிள்ளை. கேக்கணும்னுதான் வந்திருக்கார், வாய் வரல. அஞ்சலை எந்திரிச்சுப் போயி கையை நீட்டி வாங்கிக்கிட்டா. அம்மாக்காரியைக் கேக்கல, கோயில் பூசாரியைக் கேக்கல. என்னையும் கேக்கல. எனக்கு அன்னிக்கு வந்த பெருமை இன்னும் இறங்கல.

தவழற வரைக்கும் பிள்ளை எங்க வீட்டுலதான். இவ கொழுந்து கிள்ளப் போனா பிள்ளைக் கொட்டகையில ஆயாகிட்ட கிடக்கும். பால் குடுக்கற நேரம்னு தாய்மாருக்கு மட்டும் மலையிலேருந்து இறங்கி வர விடுவாங்க. இவளும் இறங்கினா. கங்காணி மறிச்சான்.

"ஏய் அஞ்சல, அந்த நேரம் சொந்தப் பிள்ளைக்காரிக்கு. ஊரான் பிள்ளைக்கு இல்ல."

"அப்ப என் பிள்ளைன்னே ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணிகிட்ட எழுதச் சொல்லு."

"எழுதினா ஆச்சா? பேரு காதராமே!"

"உன் பேரு தர்மலிங்கம். நீ யாருக்குத் தர்மம் பண்ண? வழிய விடு."

தேயிலை நெரையில நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் கூடையோட சிரிச்சாங்க. கங்காணி அப்புறம் அவ இறங்கற நேரம் பாத்து வேற மலைக்குப் போயிடுவான்.

நவம்பர் 6, வியாழன்

வெயில் எட்டிப் பாத்துச்சு. மிளகா காயப் போட்டேன், பூனை வந்து படுத்துக்கிச்சு.

சாயங்காலம் காதர் வந்தான். தாடி பூரா வெள்ளை. அவன் அத்தா வச்ச கடையை இப்ப அவன்தான் பாக்கறான். ரொட்டியும் பருப்பும் கட்டிக்கிட்டு வந்தான். சின்னையா சொன்னது காதுக்குப் போயிடுச்சு போல.

"அப்பா, பேரு வேணாம். விட்டுடுங்க. அம்மாவுக்குக் கோடி வரணும்."

"நீ யாருடா வேணாம்ங்க?"

"எனக்கு மனசுல இருக்கு. அது போதும்பா."

சொன்னான். ஆனா கிளாஸைக் கையில உருட்டிக்கிட்டே இருந்தான், குடிக்கல. போகும்போது அஞ்சலை படத்துக்கு முன்ன கொஞ்சம் நின்னான். படத்து மாலையை நேராக்கினான். பேரு வேணும்னுதான் இருக்கான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

அவன் கல்யாணத்தை நெனச்சேன். பொண்ணு வீட்டுக்காரங்க நாகூர்லேருந்து வந்தவங்க. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லன்னாங்களே, இது யாருன்னு கேட்டாங்க. ராவுத்தர், "யாரு சொன்னது? அதோ"ன்னு கை காட்டினார். அரக்குப் பட்டு, நெத்தியில காசு அகலம் பொட்டு, மடியில தாம்பூலத் தட்டோட நடு வரிசையில அஞ்சலை. பால் குடுத்தா தாய்தான், எங்க மார்க்கத்துல அது சட்டம்னு பள்ளிவாசல் லெப்பை எந்திரிச்சு சொன்னார். முதல் தட்டு அவளுக்குத்தான் வந்துச்சு. வரும்போது, "கறியில உப்பு கம்மி, நான் சொல்லல, மாப்பிள்ளை அம்மா குறை சொல்லக்கூடாதுல்ல"ன்னா.

நவம்பர் 8, சனி

மழை. ஒழுகற இடத்துல வாளி.

வாணி ஈப்போவிலேருந்து வந்தா. ஆஸ்பத்திரில நர்ஸ். இவ அம்மா லட்சுமி, என் மக, நோயில போனப்ப இவளுக்குப் பால் பல்லு விழல. திரும்பவும் முதல்லேருந்து ஒரு பிள்ளை வளத்தா அஞ்சலை, அந்த வயசுல. ஸ்கூல் பஸ் நம்ம முடுக்குல நிக்காது. ஒரு நாள் நடு ரோட்டுல போயி நின்னுட்டா, குடை பிடிச்சுக்கிட்டு. டிரைவர் ஹாரன் மேல ஹாரன்.

"ஹாரன் அடிச்சா பிள்ளை உள்ள ஏறிடுமா? கதவைத் தொற!"

இன்னிக்கும் அந்த முடுக்குல பஸ் நிக்குது. ஏன்னு இப்ப ஓட்டறவனுக்குத் தெரியாது.

வாணி சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னா. "தாத்தா, காதர் மாமா பேருக்குப் பக்கத்துல 'பால் குடித்த மகன்'னு போட்டுடலாம். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"மத்ததுங்க எல்லாம் என்ன, தேத்தண்ணி குடிச்சா வளந்துச்சுங்க? அவ வரிசையில பிரிச்சு வச்சதில்ல. நானும் வைக்கமாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. உடனே சின்னையாவுக்குப் போன் போட்டா. என்ன பேசினாளோ, அடுப்படில நின்னு மெதுவாப் பேசினா. "பாட்டி இருந்தா உங்களைக் கேட்டிருப்பாங்களா தாத்தா?" இது மட்டும் காதுல விழுந்துச்சு.

நவம்பர் 9, ஞாயிறு

சின்னையா வந்தான். குடையை மடக்காமயே வாசல்ல நின்னான்.

"ஒரு கண்டிஷன்."

"உள்ள வா முதல்ல, நனையற."

"கல்லு உச்சியில ஓம். பெரிசா. ஒரு முழம். தாப்பா ரோட்டுலேருந்து பாத்தாலும் தெரியணும். அதைப் பாத்துட்டு எவனும் வாயைத் தொறக்கக்கூடாது."

"ஒரு முழம் ஓம் போட்டா பேரு எங்கடா எழுதறது?"

"கல்லைப் பெரிசு பண்ணுங்க. எங்கக்கா என்ன சின்ன ஆளா?"

காதரைக் கூப்பிட்டேன். வேன் எடுத்துக்கிட்டு வந்தான். ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கல. சின்னையாதான் முதல்ல, "ராவுத்தர் பட்டர் தடவிக் குடுப்பாரே, அந்த ரொட்டி இப்பவும் போடறியா லா?"ன்னான். காதர், "வாங்க மாமா, சூடாத் தரேன்"னான்.

கோடிக்கு மஞ்சள் சேலையா, பச்சையான்னு கேட்டுட்டுத்தான் போனான் சின்னையா. பச்சைன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல வெயில். காதர் வேன்ல தாப்பா டவுனுக்கு. நான், வாணி, சின்னையா. வளைவுல சின்னையாவுக்கு வாந்தி. கிண்டல் பண்ணிக்கிட்டே இறங்கினோம்.

கல் கடைக்காரர் தமிழாளு. கறுப்புக் கல்லு. ஓம் அளவை சின்னையாவே கையால அளந்து காட்டினான். வாணி பேரெல்லாம் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கிட்டார். மீனா. காதர் மைதீன். முருகன். லட்சுமி. பொறந்த வரிசை. முருகன் என் மகன், திரிங்காப்லேருந்து முட்டைக்கோஸ் லோரி ஓட்டிப் போயி பள்ளத்துல விழுந்து செத்தவன்.

கடைக்காரர் பென்சிலைக் காதுல செருகிக்கிட்டு என்னைப் பாத்தார். "ஐயா, தவறினவங்க பேருக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கு செதுக்குவோம். இருக்கறவங்களுக்குப் போடமாட்டோம். அம்மா பிள்ளைங்கள்ல இப்ப யாரு இருக்கா?"

சின்னையா வாசப்பக்கம் திரும்பிப் பாத்தான். காதர் வெளிய வேன்கிட்ட நின்னு கண்ணாடி துடைச்சுக்கிட்டு இருந்தான்.

நான்தான் சொன்னேன். காதர் மைதீன்.