இடது பக்கத்து மூச்சு

1998 ஜூன் 8, திங்கள்

இன்றும் உப்புமா. இன்றும் குளோரினில் கண் எரிச்சல். இன்றும் எனக்குப் பாராட்டு!

டவுன்ஷிப் குளத்தில் இப்போது தினமும் அருணகிரி சாரின் விசில் பயிற்சிதான். மெதுவாக நீந்திப் போக வேண்டும். விசில் அடித்ததும் உயிரைக் கொடுத்துப் பாய வேண்டும். மறுபடி விசில், மறுபடி மெதுவாக. எப்போது அடிப்பார் என்று யாருக்கும் தெரியாது.

"அனுவப் பாரு, விசிலு சத்தம் வர்றதுக்குள்ள பறக்குறா! நீ இன்னா சஹானா, தூங்கிகினு கீறியா?"

சஹானா சிரித்து மழுப்பினாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். வழக்கம்போல அவரவர் சைக்கிளில் சேர்ந்துதான் வீட்டுக்கு வந்தோம்.

ஜூன் 10

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். சார் எங்களுக்கு இடது பக்கம், கரையோடு நடந்து வருவார். நான் இடது பக்கம் மூச்சு எடுப்பவள். அவர் கை விசிலைத் தொடுவது தெரியும் — அப்போதே கிளம்பிவிடுவேன். சஹானா மூச்சு எடுப்பது வலது பக்கம். அவளுக்குக் காது மட்டும்தான், அதுவும் தண்ணீருக்குள்.

இது திருட்டா? கண் இருக்கிறது, பார்க்கிறேன். சரி, அவளிடம் ஏன் சொல்லவில்லை?

ஜூன் 12

ரிலே அணிக்கு நாலாவது ஆள் நான். சஹானா இல்லை. "சூப்பர்டி" என்று கையைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. குளோரினாம்.

ஜூன் 13

சொல்லவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சொல்லத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா லதா ஆன்ட்டி பஜ்ஜி கொடுத்தார்கள். தின்றுவிட்டு வந்தேன். த்தூ.

ஜூன் 20, சனி

செங்கல்பட்டில் போட்டி. கடைசி ஆளாக நான் குதித்தபோது நாங்கள் இரண்டாவது. "பாதி தூரம் அடக்கி நீந்து, அப்பால நீயே வேகத்த மாத்திக்கோ" என்று சார் சொல்லியிருந்தார். நீயே! எப்போது? கரையில் ஏதேதோ முகங்கள். ஒரு கையும் விசிலைத் தொடவில்லை. எருமை மாதிரி ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஒருத்தி என்னைத் தாண்டினாள்.

திடீரென்று ஒரு சீட்டி — வாயில் விரலை வைத்து அடிக்கும் சீட்டி. கால் தானாகப் பாய்ந்தது. எப்படியோ மூன்றாவது.

ஏறி வந்து பார்த்தால் சஹானா! பஸ் பிடித்து வந்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியும்டி. சார் கையப் பாத்துகினுதான நீ கெளம்புவ. இங்க முழிச்சுகினு போன, அதான் சீட்டி அடிச்சேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத வாரமே. கரையில ஒக்காந்து பாத்தா தெரியாதா? நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

துண்டை நீட்டினாள். முகத்தை மூடிக்கொண்டேன். ஐயோ, எடுக்கவே முடியவில்லை.

ஜூன் 29, திங்கள்

ஒரு வாரமாக வலது பக்கம் மூச்சு எடுக்கிறேன். பாதிக் குளம் மூக்குக்குள் போகிறது. "இன்னா அனு, இப்ப நீ தூங்கிகினு கீறியா?" என்கிறார் சார். அடுத்த போட்டிக்கு சஹானாவைச் சேர்த்திருக்கிறார். நான் இல்லை. அது நியாயம்தான்.

உடை மாற்றிக்கொண்டு ஓடினேன். ஸ்டாண்டில் என் சைக்கிள் மட்டும் நின்றது. சஹானா எனக்காக நிற்காமல் போயிருந்தாள்.