மடுவைச் சொல்லாத வரைபடம்

அன்புள்ள மச்சான் பெரியசாமிக்கு,

கண்ணை மூடி நீ போன இடத்தில் ஆறு உண்டா, தெரியாது. எல்கடுவ மலையில் நம் ஓடை இன்னும் ஓடுகிறது. எத்தனை நாளைக்கு என்பதுதான் பயம்.

அரசாங்கத்திலிருந்து அளவைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். மலை ஊற்றிலிருந்து சுது கங்கை ஆறு வரை ஒவ்வொரு நீரோட்டத்தையும் படம் வரைகிறார்கள். மீன் முட்டையிடும் இடம் தெரிந்தால் அங்கே யாரையும் கைவைக்க விடமாட்டார்களாம். தோட்டத்துத் துரையோ, தேயிலைக்கு மருந்தடிக்கும் டாங்கிகளைக் கழுவ ஓடையில் மீன் முட்டையிடும் நம் மடுவுக்கு மேலேதான் இடம் பார்த்திருக்கிறார். படத்தில் மடு இல்லாவிட்டால் மீன் செத்து மிதக்கும்.

பிறகு ஏன் காட்டவில்லை என்கிறாயா? நீ கேட்கலாமா மச்சான்?

அக்கா பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது நீ ஒரு கோழி அறுக்கவில்லை. மாசமான வீட்டு ஆம்பளை உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பாய். மீன்கள் சினையோடு மடுவில் கூடிய நாளில், "இதுவும் மாசமான வீடுதான்டா, தூண்டிலை எடு" என்றாய். லயத்து வீடெல்லாம் உன் பேச்சைக் கேட்டது. அப்படிப்பட்ட நீ, யட்டவத்தச் சந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மடுவின் பெருமையை யார் யாரிடமோ அளந்தாய். சில நாளில் யாரோ வந்து மடுவில் வெடி போட்டு மீன் பிடித்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று நீ அள்ளிய மீன்களிலிருந்து முட்டை வழிந்தது. அதன் பின் மடுவைப் பற்றி நீயும் வெளியே பேசவில்லை, நானும் யாரையும் பேச விடவில்லை. மீன் திரும்பி வர எத்தனை மழை ஆனது!

யாழ்ப்பாணத்து அளவை ஐயா பொறுமைசாலி. "இடத்தைக் குறிக்காட்டி நான் என்னத்தைக் காட்டிக் காப்பாத்துறது, ஐயா?" என்றார்.

நான் பள்ளிக்கூடம் போகாமலே படம் வாசிக்கக் கற்றவன். அவர் விரித்த தாளைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. "மடுவக் கேக்காதீங்க. ஊத்துலயிருந்து ஆறு வரைக்கும், கிளை ஓடையெல்லாம் சேத்து ஒரே நெறமா பூசுங்க. மருந்தும் கழுவ முடியாது, வெடிக்காரனுக்கும் எடம் தெரியாது" என்றேன்.

"முழு ஓடையையும் கேக்கிறியள். கங்கையை மட்டும் ஏன் விட்டனீங்கள்?" என்று சிரித்தார். ஆனாலும் பென்சிலை எடுத்தார். மேலிடம் ஒப்புக்கொள்ளுமா என்பது அவருக்கே தெரியாது.

துரை முந்திக்கொள்வாரோ? மேலிடம் ஒரு புள்ளிதான் வேண்டும் என்று அடம்பிடிக்குமோ? எல்லாவற்றையும் விட என் வாய்க்குத்தான் பயப்படுகிறேன். வயதாகிவிட்டது. காய்ச்சலில் உளறிவிட்டால்? இதைப் படிக்கிறவர்களும் என்னிடம் இடம் கேட்க வேண்டாம்.

நாளை அவர்களோடு ஊற்று வரை ஏறுகிறேன். ஒரு கிளை ஓடை விடாமல் காட்டுவேன். மடுவைக் கடக்கும்போது நிற்கமாட்டேன், திரும்பியும் பார்க்கமாட்டேன். இது அக்கா மேல் சத்தியம்.

இன்னும் உன்மேல் கோபம் ஆறாத,
உன் மச்சினன் முத்தையா