கணையப் பாடம்

கீழே வாடகை வண்டி ஹாரன் அடிக்க, லாரி ஓட்டுநரான அப்பா ஒற்றைச் செருப்போடு நின்று, தூங்கும் மகளுக்கு அவசரமாகக் கிறுக்கினார்:

"பாப்பா, முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். பரீட்சை முடிஞ்ச களைப்புல பட்டினி கிடக்காதே. சாவி அடுத்த வீட்டு அக்காகிட்ட இருக்கு. சாயங்காலம் அத்தை வருவா, கொஞ்ச நாள் உன்கூட இருப்பா. ஏன்னு குடைஞ்சு அவளை அழ வைக்காதே.

டாக்டருக்குத்தான் படிக்கணும்னு நேத்து நான் கத்தினதை மறந்துடு. உனக்குப் பிடிச்ச இயற்பியலையே எடு. எது தெரிஞ்சாலும் எனக்காக மாத்திக்காதே."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. அப்பா ஓரத்தில் எழுத்தைக் குறுக்கிச் சேர்த்தார்:

"தினமும் உன் புத்தகத்தைப் பிரிச்சு, கணையப் பாடத்துலயே கேள்வி கேட்டேனே. 'பரீட்சை எனக்காப்பா, உனக்கா?'ன்னு சிரிச்சே. டாக்டர் சொன்னது புரியல பாப்பா. நீ பதில் சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சுது. உன் படிப்பு கெடக் கூடாதுன்னு வாயைத் திறக்கல. இன்னிக்கு லோடு ஏத்தப் போகல, ஆஸ்பத்திரியில சேரப் போறேன். கணையத்துல கட்டி. பரீட்சை எனக்குத்தாம்மா."